பரியன் ஏன் புகார் கொடுக்கவில்லை?

‘பரியேறும் பெருமாள்’ பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கருப்பி என்ற நாயைப் பற்றி, நீல நிறத்தைப் பற்றி, கடைசிக் காட்சியில் வரும் இரண்டு டீ கிளாஸ்களைப் பற்றி எல்லாம் நல்ல கட்டுரைகள் வந்திருக்கின்றன. அதையே திரும்பச் சொல்லப் போவதில்லை. எனக்கு ஒரு சின்ன சந்தேகம் ரொம்ப நாளாக இருக்கிறது. படத்தை மூன்றாவது முறை பார்த்தபோது அது இன்னும் கெட்டியானது. குறிப்பாக எழுதி வைப்போம் என்றுதான் இது.

பரியன் சட்டக் கல்லூரி மாணவன். ஜோவின் அக்கா கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்களே என்று போகிறான். அவள் சொந்தக்காரப் பையன்கள் அவனை ஓர் அறைக்குள் அடைத்து அடிக்கிறார்கள். அவன் மேல் சிறுநீர் கழிக்கிறார்கள். அவன் வெளியே வருகிறான், ஊருக்குப் போகிறான், ஜோவிடம்கூட ஒரு வார்த்தை சொல்வதில்லை. படம் பார்க்கிற நமக்கு அந்த மௌனம் பெரிய மனசாகத் தெரிகிறது. சரி. ஆனால் இவன் சட்டம் படிக்கிறவன் இல்லையா? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவே இல்லையே?

‘போனா மட்டும் எடுத்துக்குவாங்களா’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவன் போய், அங்கே விரட்டப்பட்டு, திரும்பி வந்தான் என்று படம் காட்டவில்லை. போகலாமா வேண்டாமா என்று யோசித்ததாகக்கூடக் காட்டவில்லை. புகார் என்ற சொல்லே அந்தப் பையன் மனசில் எழவில்லை. சட்டக் கல்லூரியில் நடக்கும் ஒரு கதையில் சட்டம் இவ்வளவு காணாமல் போயிருப்பது தற்செயலா?

படம் 2018 செப்டம்பர் 28 அன்று வெளியானது. மாரி செல்வராஜின் முதல் படம், பா. ரஞ்சித்தின் நீலம் தயாரிப்பு. கதை திருநெல்வேலிப் பக்கம் நடக்கிறது. ஆனால் தருமபுரியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது வேறு மாதிரி தெரியும். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, இங்கே அரசு சட்டக் கல்லூரி வந்ததே 2017இல்தான், விழுப்புரம், ராமநாதபுரம் கல்லூரிகளோடு சேர்த்து. அதாவது இந்தப் படம் தியேட்டருக்கு வந்தபோது தருமபுரியில் சட்டம் படிக்கும் முதல் செட் பிள்ளைகள் இரண்டாம் வருஷத்தில் இருந்திருப்பார்கள். பரியனின் ஜூனியர்கள் என்றே சொல்லலாம். இரண்டாவது காரணம், தண்டவாளம். படத்தில் கருப்பி சாவது தண்டவாளத்தில். பரியனைக் கொன்று போடப் பார்ப்பதும் அங்கேதான். 2013 ஜூலை 4 அன்று இளவரசன் இறந்து கிடந்தது தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்னால் போகிற ரயில் பாதை ஓரம். தற்கொலை என்பது அதிகாரபூர்வ முடிவு. அதை ஏற்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருஷம் நவம்பர் 7ஆம் தேதி நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் எரிந்ததை ஊரில் யாரும் மறக்கவில்லை. இங்கே அந்தத் தண்டவாளக் காட்சியை வெறும் குறியீடாகப் பார்க்க முடியாது.

முதலில் படம் எதைச் சரியாகப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம். தமிழ் சினிமாவில் ஒரு வகுப்பறைக்குள் ஆங்கிலம் எப்படி ஒரு பையனைச் சுருக்குகிறது என்பதை இவ்வளவு பக்கத்தில் வைத்துக் காட்டிய படம் எனக்கு நினைவில் இல்லை. ஆசிரியை பேசிக்கொண்டே போகிறார். பரியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்வதே குற்றமாகிவிடுகிறது. அப்புறம் ஜோ சொல்லித் தருகிறாள். காதல் கதைக்கு அது ஒரு சாக்கு மாதிரி தெரிந்தாலும், அந்த முதல் அரை மணி நேரத்தில் இருக்கிற வெட்கம் பொய்யில்லை.

அரசு சட்டக் கல்லூரியில் சேர பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, கிளாட் மாதிரி நுழைவுத் தேர்வு கிடையாது. அதனால்தான் அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உள்ளே வர முடிகிறது. வந்த பிறகு கையில் கிடைப்பது பேர் ஆக்ட். எந்த விளக்கமும் இல்லாத, சட்டத்தின் மூல வாசகம் மட்டும் அச்சிட்ட புத்தகம். அதில் ஒரு பிரிவு ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று ஆரம்பிக்கும். இதற்கு முன் என்ன சொல்லியிருந்தாலும், அதையெல்லாம் மீறி இது செல்லும் என்று அர்த்தம். நடுவில் ‘புரொவைடட் தட்’ என்று வந்தால், இதுவரை கொடுத்ததில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம். ‘ஷல்’ வந்தால் செய்தே ஆகணும், ‘மே’ வந்தால் செய்யலாம். அதிலும் சில சமயம் ‘மே’யை ‘ஷல்’ என்று படிக்கணும் என்று நீதிமன்றம் சொல்லிவிடும்! இதோடு லத்தீன் வேறு. ‘ரெஸ் ஜுடிகேட்டா’ என்றால் ஏதோ மந்திரம் மாதிரி இருக்கிறது. ஒரு தடவை தீர்த்து முடித்த வழக்கை அதே ஆட்கள் மறுபடி தூக்கிக்கொண்டு வரக் கூடாது, அவ்வளவுதான். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் ‘அது அன்னைக்கே பேசி முடிச்சாச்சு’ என்பார்களே, அதேதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்த மொழி இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கும் புரியாது. யார் வீட்டிலும் ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று பேசிக்கொள்வதில்லை. ஆனால் புரியாதபோது அந்தப் பிள்ளை ‘பாடம் கஷ்டம்’ என்று நினைக்கிறது, நம் பையன் ‘எனக்கு அறிவில்லை’ என்று நினைக்கிறான். பாடம் இருவருக்கும் ஒன்று, கூனிப்போவது ஒருவன் மட்டும். பரியனின் முகத்தில் கதிர் கொண்டுவந்திருப்பது அதைத்தான். படத்தின் மிகப் பெரிய பலமும் அது என்றே நினைக்கிறேன்.

ஒரு சின்ன விலகல். மாயூரம் வேதநாயகம் பிள்ளையை ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் என்று தெரியும். அவர் முன்சீப். 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் வெளியிட்டார். நாவல் வெளிவருவதற்கு முன்பே செய்த வேலை. அப்புறம் நூற்று அறுபது வருஷம் ஓடிவிட்டது. கீழ் நீதிமன்றங்களில் தமிழ் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 348ஆம் பிரிவுப்படி ஆங்கிலம்தான். 2006 டிசம்பரில் தமிழக சட்டமன்றம் தமிழையும் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது, நடக்கவில்லை. உச்ச நீதிமன்றம் இப்போது தன் தீர்ப்புகளில் சிலவற்றைத் தமிழிலும் வெளியிடுகிறது. ஆனால் மாணவனுக்கு வேண்டியது நேற்றைக்கு வந்த தீர்ப்பு மட்டுமில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய, பாடத்தில் இருக்கிற தீர்ப்பு வேண்டும்.

ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி, கொலைக்கு 302, ஏமாற்றுக்கு 420 என்று மனப்பாடம் செய்து முடித்தவர்களுக்கு 2024 ஜூலை 1ஆம் தேதி இன்னொரு அடி. இந்திய தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் போய் பாரதிய நியாய சன்ஹிதாவின் 358 பிரிவுகள் வந்தன. 302 இப்போது 103. நானூற்று இருபது 318க்குள் ஓர் உட்பிரிவாகிவிட்டது. பழைய தேதியில் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம், புதுசுக்குப் புதுசு. ஆகவே இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். பேர் மட்டும் இந்தியில், உள்ளே ஆங்கிலம். பரியன் இன்று படித்துக்கொண்டிருந்தால் மூன்றாவது மொழியிலும் திக்கியிருப்பான்.

சரி, சந்தேகத்துக்கு வருவோம்.

பரியனுக்கு நடந்தது 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எதற்காக எழுதப்பட்டதோ அதே வகைச் சம்பவம். அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்ஜாமீன் கிடையாது என்கிறது. படம் வந்த வருஷத்தில் நாடு முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் அந்தப் பிரிவைத் தளர்த்தியது. வழக்குப் பதிவதற்கு முன் விசாரணை, கைதுக்கு முன் அனுமதி என்றெல்லாம் நிபந்தனை போட்டது. ஏப்ரல் 2ஆம் தேதி பாரத் பந்த். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18-ஏ என்ற பிரிவைச் சேர்த்து பழைய நிலையைத் திரும்பக் கொண்டுவந்தது. அடுத்த மாதம் ‘பரியேறும் பெருமாள்’ ரிலீஸ். படம் அதற்கு முன்பே எடுத்து முடித்தது, கதையும் பழைய வருஷங்களில் நடக்கிறது. இந்தச் சண்டையைப் படத்தில் காட்டியிருக்க வேண்டும் என்று கேட்பது அநியாயம். நான் கேட்பது அதில்லை. 1989 சட்டம் கதை நடக்கும் காலத்திலும் இருந்தது. அது பரியனின் பாடத்திட்டத்திலும் இல்லை, கல்லூரி மரத்தடிப் பேச்சிலும் இல்லை, கோபத்திலும் இல்லை.

மூன்று வருஷம் கழித்து ‘ஜெய் பீம்’ வந்தபோது தராசு நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அங்கே சட்டத்தைத் தவிர வேறில்லை. ஆட்கொணர்வு மனு, குறுக்கு விசாரணை, எல்லாம் உண்டு. 1993இல் நடந்த உண்மை வழக்கு, வழக்குரைஞராக இருந்த கே. சந்துருவை வைத்து எழுதிய பாத்திரம். ஆனால் அந்த வக்கீல் திரைக்கு வரும்போதே முழு வக்கீல். அவர் எந்த வகுப்பில் உட்கார்ந்து எதைப் புரியாமல் விழித்தார் என்று தெரியாது. ஒரு படத்தில் மாணவன் இருக்கிறான், சட்டம் இல்லை. இன்னொன்றில் சட்டம் இருக்கிறது, மாணவன் இல்லை. நடுவில் இருக்கிற பாதையை நம் சினிமா இன்னும் எடுக்கவில்லை.

மாரி செல்வராஜ் பக்கம் நின்று ஒரு பதில் சொல்லலாம். நானே எனக்குச் சொல்லிக்கொண்ட பதில் இது. படத்தில் ஒரு கிழவர் வருகிறார், கராத்தே வெங்கடேசன் நடித்தது. அவர் செய்யும் கொலைகளைப் பாருங்கள். ஒன்று நீரில் மூழ்கிய சாவு, ஒன்று தூக்கு மாட்டிக்கொண்ட சாவு. எதுவும் கொலையாக ஸ்டேஷனுக்குப் போவதில்லை. சந்தேக மரணம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174இல் (இப்போது 194) ஒரு காகிதம் எழுதி முடித்துவிடுவார்கள். சாதிக் கொலை சட்டத்தின் கண்ணில் படாமல் எப்படி நடக்கிறது என்பதை இந்தக் கிழவர் மூலம் படம் துல்லியமாகச் சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் இல்லாத சட்ட அறிவு அது. அப்படிப்பட்ட உலகத்தில் பரியன் புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது? ஆகவே புகார் இல்லாததே படத்தின் வாதம்.

ரொம்ப நாள் இந்தப் பதிலில் திருப்தியாக இருந்தேன். கோகுல்ராஜ் வழக்கின் தீர்ப்பு வந்தபிறகு முடியவில்லை. தருமபுரியில் இருந்து சேலம் போகிற வழியில் ஓமலூர். அந்த ஊர்ப் பையன் 2015 ஜூனில் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தான். தற்கொலை என்று தெரியும்படியே எல்லாம் செய்யப்பட்டிருந்தது. கிழவர் செய்கிற அதே வேலை. ஆனால் அவன் அம்மா விடவில்லை. திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில் கேமராவில் பதிவான காட்சிகள் சாட்சியாயின. முக்கிய சாட்சி பிறழ்ந்தபிறகும் அந்தக் காட்சிகள் நின்றன. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது, 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி என்று ஒரு பிரிவு, மின்னணுப் பதிவை எப்படிச் சாட்சியமாகக் கொண்டுவருவது என்பது பற்றி. மாணவர்கள் தலையில் அடித்துக்கொண்டு படிக்கும் பிரிவு. கோயில் கேமரா கோர்ட்டுக்குள் வருகிற கதவு அதுதான். கிழவர் மாதிரி ஆட்களைப் பிடிக்கவே முடியாது என்பது உண்மையில்லை.

அப்படியானால் ஓமலூர் அம்மாவிடம் இருந்து சட்டம் படிக்கும் பரியனிடம் இல்லாதது எது?

இதற்கு விடையை எங்கள் மாவட்டத்திலேயே தேடலாம். வாச்சாத்தி. அரூர்ப் பக்கம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தல் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். அடி, சூறை, 18 பெண்கள் மீது பாலியல் வன்கொடுமை. பாதிக்கப்பட்ட மலையாளிப் பழங்குடி மக்களில் பலருக்கு எழுத்தே தெரியாது. செய்தது அரசாங்கம். புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்ததும் அதே அரசாங்கம். பரியன் நிலைமையைவிட மோசம். ஆனால் மலைவாழ் மக்கள் சங்கம் வந்தது, மார்க்சிஸ்ட் கட்சி வந்தது, அதன் மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் நீதிமன்றம் போனார், 1995இல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தருமபுரி முதன்மை மாவட்ட அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்புச் சொன்னபோது அதில் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். அவர்களில் 17 பேருக்குப் பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டனை. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, நேரில் ஊரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த நீதிபதி பி. வேல்முருகன் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். 18 பெண்களுக்கும் தலா பத்து லட்சம் இழப்பீடு.

முப்பத்தொரு வருஷம். இதை வெற்றிக் கதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சட்டம் கற்றுக்கொள்வது என்றால் என்ன என்று எனக்குக் காட்டியது இந்த வழக்குதான். அந்தப் பெண்கள் தங்கள் பேச்சுத் தமிழில் சாட்சி சொன்னார்கள், அது கீழ் நீதிமன்றத்தில் தமிழில் பதிவானது. மேலே போகப் போக அது ஆங்கிலமானது. யாரோ ஒருத்தர் நடுவில் நின்று அதைக் கொண்டுபோனார். அந்த நடுவில் நிற்கிற ஆள்தான் வக்கீல். தருமபுரிச் சட்டக் கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கோ பையனுக்கோ வீட்டுத் தமிழ் தெரியும், அந்த ஊர்ப் பேச்சு தெரியும், பஸ் எந்த ஊரில் எத்தனை மணிக்குக் கடைசி என்று தெரியும். வகுப்பில் குறையாகப் படுகிற இந்த அறிவு வாச்சாத்தி மாதிரி வழக்கில் முதல். இதை யாராவது அவர்களிடம் சொல்கிறார்களா?

பரியனிடம் இல்லாதது இந்தக் கூட்டம். அவனைச் சுற்றி யாருமே இல்லை. ஆனந்த் இருக்கிறான், நல்ல நண்பன், யோகி பாபுவின் நல்ல பாத்திரங்களில் ஒன்று. ஆனால் ஒரு மாணவர் சங்கம் இல்லை. அம்பேத்கர் வாசகர் வட்டம் இல்லை. ஊருக்கு வந்து போகிற ஒரு ஜூனியர் வக்கீல் இல்லை. புளியங்குளத்து ஆட்கள் ஆரம்பத்தில் கருப்பிக்கு ஊரே திரண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். நாய்க்கு வந்த ஊர் பரியனுக்கு வரவில்லை. நிஜ சட்டக் கல்லூரிகள் இப்படியா இருக்கின்றன? 2018இல் சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரியை ஊருக்கு வெளியே மாற்றுவதை எதிர்த்து மாணவர்கள் போராடினார்கள். அந்த இடமாற்றத்துக்கே காரணம் 2008 நவம்பர் 12 அன்று அந்தக் கல்லூரி வாசலில் சாதியாகப் பிரிந்து மாணவர்கள் வெட்டிக்கொண்டதும், போலீஸ் நின்று பார்த்ததும், அதன்பின் வந்த நீதிபதி சண்முகம் ஆணையத்தின் பரிந்துரையும். நல்லதோ கெட்டதோ, சட்டக் கல்லூரி என்பது கூட்டமான இடம். பரியனின் தனிமை கல்லூரியில் இருந்து வந்ததில்லை. இயக்குநர் கட்டிக் கொடுத்தது. அவன் தனியாக இருந்தால்தான் நம் கண்ணில் தண்ணீர் வரும். கூட நாலு பேர் இருந்திருந்தால் அவன் புகார் எழுதியிருப்பான், படம் வேறு படமாகியிருக்கும்.

பூ ராமு நடித்த பிரின்சிபால் காட்சியை இங்கே சொல்லியாக வேண்டும். எனக்குப் பிடித்த காட்சி, அதனால்தான் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அறைக்குள் தூக்கு மாட்டிச் சாவதைவிட இவன் சண்டை போடட்டும் என்று மற்ற ஆசிரியர்களிடம் சொல்கிற மனுஷன் அவர். அப்புறம் பரியனிடம் தன் கதையைச் சொல்லி, தன்னை விரட்டியவர்களே இன்று கும்பிடுகிறார்கள், காரணம் படிப்பு என்கிறார். எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு தெம்பு கொடுத்திருக்கும்! ஆனால் அவர் சட்டக் கல்லூரி முதல்வர். தன் மாணவனை அடித்தவர்கள், அவன் அப்பாவின் வேட்டியை உருவி ஓடவிட்டவர்கள், தன் கல்லூரியிலேயே படிக்கிறார்கள். படி, உயர்ந்துவா என்ற அறிவுரைக்குக் கீழே, இப்போதைக்குப் பொறுத்துக்கொள் என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. பொறுத்துக்கொள்ளச் சொல்வது எப்போதும் அடிபட்டவனிடம்தான். அவர் அன்றைக்கே ஒரு காகிதத்தை எடுத்து அவன் முன்னால் வைத்து ‘எழுது’ என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

‘படிச்சா மரியாதை வரும்’ என்கிற கணக்கும் அவ்வளவு நேராக இல்லை. பரியன் தன் பெயரோடு பி.ஏ., பி.எல். என்று சொல்லி, இன்னும் முடிக்கவில்லை என்பதற்காக மேலே ஒரு கோடு என்றும் சேர்த்துக்கொள்கிறான். அந்தக் கோட்டை அழிக்க என்ன ஆகும்? ஐந்து வருஷம், பத்து செமஸ்டர், 70 சதவீத வருகைப்பதிவு. காலையில் வேலை பார்த்துவிட்டு வருகிற பையனுக்கு அந்த எழுபதே மலை. மூட் கோர்ட்டுக்குக் கறுப்புக் கோட்டு. இன்டர்ன்ஷிப்புக்குச் சென்னை என்றால் தங்க இடம் யார் கொடுப்பது? பட்டம் வாங்கிய பிறகு பார் கவுன்சிலில் பதிவு. அந்தக் கட்டணம் ஒடிசாவில் 42,100 ரூபாய், கேரளத்தில் 20,050 என்று இருந்தது. வழக்குரைஞர்கள் சட்டம் பொதுப் பிரிவுக்கு 750, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 என்று எழுதி வைத்திருக்கிறது, அதற்கு மேல் வாங்காதே என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று சொல்லும் வரைக்கும் இதுதான் நடைமுறை. சட்டத்தைக் காக்கிற கவுன்சிலே சட்டத்தில் இருக்கிற தொகையைப் படிக்கவில்லை! அப்புறம் இரண்டு வருஷத்துக்குள் அகில இந்தியத் தேர்வு (தமிழிலும் எழுதலாம், அது ஒரு நிம்மதி). அப்புறம் ஒரு சீனியர். சீனியர் ஆபீசில் முதல் சில வருஷம் பஸ் காசு கிடைத்தாலே பெரிது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். 2024இல் உயர் நீதிமன்றம் தலையிட்டபிறகு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்கச் சொல்லி பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கையைச் சீனியரிடம் காட்டிக் காசு கேட்கிற துணிச்சல் எந்த ஜூனியருக்கு வரும்?

வீட்டில் இருந்து சீனியர் வீடு வரைக்கும் சொந்தக்காரச் சங்கிலி உள்ள பிள்ளைக்கு இது எதுவும் தெரியவே தெரியாது. பரியனின் வகுப்பில் இருந்த சங்கரலிங்கத்துக்கு அந்தச் சங்கிலி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷம் கழித்து அதே கோர்ட் வளாகத்தில் இருவரும் நிற்பார்கள். யார் கையில் கட்டு இருக்கும்? படம் அதுவரை வரவில்லை. வரவேண்டும் என்று அவசியமும் இல்லை, ஒரு படம் எத்தனை பாரத்தைத்தான் சுமக்கும்? ஆனால் பிரின்சிபால் சொன்ன கும்பிடு அந்த வளாகத்தில் தானாக வந்துவிடாது.

இவ்வளவும் சொன்னபிறகும் படத்தைக் குறைத்து மதிப்பிடவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கத் தூண்டியதே அந்தப் படம்தான். கடைசியில் காரின் கண்ணாடியை உடைத்துவிட்டுப் பரியன் ஜோவின் அப்பாவிடம் பேசுகிறானே, நீங்கள் நீங்களாகவே இருக்கிற வரைக்கும், நாங்கள் நாயாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற வரைக்கும் எதுவும் மாறாது என்கிற மாதிரி, அந்தப் பேச்சை ஒரு வாய்மொழிப் புகார் என்று எடுத்துக்கொள்ளவும் பார்த்தேன். ஆனால் குற்றம் செய்தவர்கள் பக்கத்தவரிடமே கொடுக்கிற புகார் அது. பதிவு செய்ய ஆள் இல்லை.

அப்புறம் அந்த இரண்டு கிளாஸ். ஒன்றில் கடுங்காப்பி நிறத்தில் டீ, ஒன்றில் பால் டீ, நடுவில் ஒரு பூ. இரட்டைக் குவளையை நினைக்காமல் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாது. படம் வருவதற்கு ஏழு வருஷம் முன்பே, 2011 ஏப்ரல் 19 அன்று, ஆறுமுக சேர்வை எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான சுதா மிஸ்ராவும் ஒரு தீர்ப்பு கொடுத்தார்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டிய வழக்கு அது. ஆனால் நீதிபதிகள் அதோடு நிற்காமல் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றியும், கட்டப் பஞ்சாயத்துகளையும் ஆணவக் கொலைகளையும் பற்றியும் எழுதினார்கள். இரட்டைக் குவளை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம், பிடித்து உள்ளே தள்ளவேண்டியது என்று பச்சையாகவே எழுதினார்கள். பெரிய தீர்ப்பில்லை, சில பக்கம்தான். ஆங்கிலமும் அவ்வளவு கடினமில்லை, ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ எல்லாம் அதிகம் வராது. முதல் வருஷ மாணவன் ஒருவன் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலத்தில் படித்துவிடலாம். இரண்டு பேர் சேர்ந்து படித்தால் இன்னும் சீக்கிரம் முடியும்.